மலிவுச் செயலியும் தக்க பலகையும்

1998ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 24ஆம் நாள் அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனம் இருவகைக் கணினிச் செயலிகளை ஒருங்கே சந்தைக்கு விட்டது. ஒன்று 450 மெகாஹேட்ஸ் வேகமுடைய பென்ரியம் 2. மொத்தக் கொள்வனவில் அதன் விலை 669 டொலர். மற்றது 300 மெகாஹேட்ஸ் வேகமுடைய செலரன் 300ஏ. விலை 149 டொலர். முன்னது வசதியுடையோர்க்கு, பின்னது எளியோர்க்கு என்பது நிறுவனத்தின் கணக்கு. அக்கணக்கு விரைவிலேயே பிழைத்தது.

செயலியின் வேகம் எங்ஙனம் பிறக்கிறது? தாய்ப்பலகை ஒரு துடிப்பை அளிக்கிறது; செயலி அதனைத் தன் பெருக்கெண்ணாற் பெருக்கிக்கொள்கிறது. செலரன் 300ஏயின் பெருக்கெண் நாலரை. அதனை எவரும் மாற்றாதவாறு இன்ரெல் பூட்டிவிட்டது. துடிப்போ பலகையின் கையில் இருந்தது. 66 மெகாஹேட்ஸ் துடிப்பை 100 ஆக உயர்த்தினால் 300 என்பது 450 ஆகிவிடும் அல்லவா? இதுவே ஓவர்குளொக்கிங் எனப்படும் வேகங்கூட்டல்.

எந்தப் பலகையும் இதற்கு உதவிவிடாது. அவ்வாண்டு ஏப்பிரலில் வந்த 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி 100 மெகாஹேட்ஸ் துடிப்புக்கென்றே ஆக்கப்பட்டது. அத்துடிப்பை மூன்றாற் பிரித்து, வன்தட்டு முதலியவை இணையும் பாதைக்கு அதற்குரிய 33 மெகாஹேட்ஸையே அது வழங்கியது. செயலி விரைந்தது, ஏனைய உறுப்புகள் தத்தம் இயல்பில் நின்றன. (100ஐத் தாங்கும் நினைவகம் மட்டும் வேண்டியிருந்தது.) பழைய பலகைகளில் 83 மெகாஹேட்ஸை நாடியோர்க்கோ அப்பாதையும் 41ஐக் கடந்தது, சேமித்த கோப்புகள் சிதைந்ததுமுண்டு.

தாய்வானின் ஏபிற் நிறுவனத்துப் பிஎச்6 பலகை இத்துறையிற் பெயர்பெற்றது. துடிப்பையும் மின்னழுத்தத்தையும் திரையிலேயே மாற்ற அது இடமளித்தது. 2.0 வோல்ற்றில் தடுமாறிய செயலி 2.2இல் நிலைபெறுவதுண்டு. வெப்பமும் உடன் மிகும். பெரிய விசிறி வேண்டும். எல்லாச் செயலிகளும் இணங்கவில்லை. கெட்டுப்போனால் உத்தரவாதமும் இல்லை. குறைந்த பணத்துடன் கடையேறிய மாணவனுக்கு இது சிறிய துணிச்சலன்று.

எண்ணை மட்டும் நோக்கிச் செலரன் 333ஐ வாங்கியோர் ஏமாந்தனர். அதன் பெருக்கெண் 5. 100 துடிப்பில் அது 500ஐ எட்டவேண்டும். அவ்வளவு தூரம் ஏறமாட்டாதவை 75 துடிப்புக்கு இறங்கி 375உடன் அமைந்தன. கூடக் கொடுத்தவன் குறையப் பெற்றான்!

வேகம் ஒத்தாலும் ஆற்றல் ஒக்குமோ என்ற ஐயம் நியாயமானதே. ஏப்பிரலில் வந்த முதற் செலரனில் இரண்டாம்நிலை இடைநினைவகம் அறவே இல்லை. அது நகைப்புக்கு இடமாயிற்று. 300ஏயிலோ 128 கிலோபைற் இடைநினைவகம் செயலியின் சில்லிலேயே அமைந்து அதன் முழுவேகத்தில் இயங்கியது. பென்ரியம் 2இனது 512 கிலோபைற்றாயினும் பாதிவேகமே உடையது. ஆதலின் 450ஐ எட்டிய செலரன் பல வேலைகளில் அதற்கு இணையாக நின்றது.

2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் இன்ரெல் இவ்வழியை அடைத்தது. துடிப்பு ஏனைய உறுப்புகளோடு பிணைக்கப்பட்டமையால் அதனைச் சிறிதளவே உயர்த்த முடிந்தது. பூட்டில்லாப் பெருக்கெண்ணுடைய 'கே' குறிச் செயலியையும், அதனை மாற்ற இடமளிக்கும் பி67 போன்ற பலகையையும் சேர்த்து வாங்கியோர்க்கே முழு உரிமை கிடைத்தது. ஐ7 2600 செயலியின் விலை 294 டொலர். பெயரோடு 'கே' சேர்ந்தால் 317.