பாலராமபுரத் தறியும் பறிபோகும் பெயரும்

நெசவுக் கலையைப் புகழும் நம் இலக்கியங்கள் நெய்தவர் குலத்தைச் சொல்லும்; அவர் வாழ்ந்த ஊரைச் சொல்லும்; பெயரைச் சொல்வதில்லை. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துக் காருகர் இருக்கை விதந்து பேசப்படுகிறது. நுண்வினையில் வல்ல அம்மக்களுள் ஒருவர் பெயரேனும் நமக்குக் கிட்டவில்லை. பெயரற்ற கைவினைக்கு என்ன நேரும் என்பதைத் திருவனந்தபுரத் தமிழர்க்கு மிக அணித்தாயுள்ள ஓர் ஊரின் வரலாறு கொண்டு ஈண்டு நோக்குவோம்.

தலைநகரிலிருந்து நெய்யாற்றின்கரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மன்னரின் பெயரைத் தாங்கிய ஊர் இது. திவான் உம்மிணித் தம்பி, அரண்மனைக்கு வேண்டிய நல்லாடை நெய்வதற்கென நாஞ்சில் நாட்டிலிருந்து சாலியர் குடும்பங்களைக் கொணர்ந்து இங்குக் குடியேற்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. அவர்கள் தமிழ் பேசிய குடிகள். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் ஒரு பகுதியே ஆதலின், அவர்கள் அரசு விட்டு அரசு பெயர்ந்தவர் அல்லர். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதுதான் அவர்தம் பழைய ஊரும் புதிய ஊரும் இரு மாநிலங்களுக்கு உரியவை ஆயின. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்பன சாலியர் குடியிருப்பின் தெருப் பெயர்கள்.

இவ்வூர் நெசவின் தனித்தன்மை அதன் தாமதத்தில் உள்ளது என்று சொன்னால் மிகையாகாது. 1733-இல் ஜான் கே என்னும் ஆங்கிலேயர், கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவை அமைத்தார். அது உலகெங்கும் பரவிய பின்னரும் பாலராமபுரத்துக் குழித்தறிகளில் கையால் எறிந்து கையால் பிடிக்கும் நாடாவே நிலைத்தது. பாவினைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, நார்த் தூரிகையால் இருவர் மூவர் சேர்ந்து நீவி உலர்த்துவர். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை அது. இத்துணை உழைப்புக்குப் பின் வரும் துணியின் கரையும் பூவேலையும் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலவே தோன்றும். எது உள், எது வெளி என்று அறிய இயலாது.

முண்டும் நேரியதும் என்னும் ஈராடையின் அழகு முழுவதும் அதன் கரையில்தான். கசவு எனப்படும் ஜரிகைக் கரை ஒருபுறம். புளியிலைக்கரை என்னும் மெல்லிய கோட்டுக் கரை மறுபுறம். வெண்மையைப் பெரிதும் விட்டுவைத்து ஓரத்தில் ஒரு கோடு மட்டும் இடும் துணிவு எளிதில் வருவதன்று.

அக்கரையைத்தான் இன்று பிறர் எடுத்துக்கொள்கின்றனர். பழைய நேரியது ஒன்றைப் படமெடுத்தால் போதும். கணிப்பொறி அதனை விசைத்தறிக்குரிய வடிவமாக மாற்றித் தருகிறது. ஈரோட்டுப் பகுதி விசைத்தறிகளில் விரைந்து நெய்யப்பட்டு, வெள்ளி இழையின் இடத்தில் செயற்கை மின்னிழை பெற்று, 'கேரளச் சேலை' என்ற பெயரோடு ஓணச் சந்தைக்கு அது வந்துசேர்கிறது. தமிழ் நிலத்திலிருந்து வந்தோர் வளர்த்த வேலைப்பாடு, தமிழ் நிலத்து இயந்திரத்தால் படியெடுக்கப்பட்டு அவர்தம் வழியினர் வாழும் ஊர்க் கடைக்கே திரும்புகிறது! விசைத்தறித் தொழிலாளியும் கூலிக்கு உழைப்பவரே. எளியோர்க்கு விழாநாளில் மலிவான ஆடை கிடைத்தலும் நன்றே. அதில் நமக்கு வழக்கில்லை. எவ்வூர் வடிவம் என்று ஒரு சொல்லும் பொறிக்காமல் விற்பதே வழக்கு.

ரவிவர்மாவின் ஓவியங்களைச் சேலையில் அச்சிட்டு விற்கும் வழக்கமும் இக்காலத்தில் பரவியுள்ளது. அவ்வாறு விற்போர் ஓவியரின் பெயரை மறவாமல் கூறுவர். அதுதான் விலை தருவது. 1893-இல் அவர் தீட்டிய 'அதோ அப்பா வருகிறார்' என்ற ஓவியத்தில், குழந்தையை ஏந்தி நிற்கும் பெண் உடுத்தியிருப்பது முண்டும் நேரியதுமே. அந்த ஆடையை நெய்தவர் யார் என்று கேட்டவர் எவர்?

இப்போக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. லண்டன் இந்திய அலுவலகத்தில் இந்திய விளைபொருள்களைப் பற்றி அறிக்கை தரும் பதவியில் இருந்த ஃபோர்ப்ஸ் வாட்சன், 1866-இல் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 700 மாதிரிகள் கொண்ட 18 தொகுதிகளை உருவாக்கினார். இவ்வாறு 20 படிகள் அமைந்தன. 13 பிரிட்டனின் தொழில் நகரங்களுக்குச் சென்றன; 7 இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டன. இந்தியர் விரும்பும் வடிவங்களை அங்குள்ள ஆலைகள் அறிந்து நெய்து, இந்தியர்க்கே விற்க வேண்டும் என்பது நோக்கம். துணியின் நீளம், அகலம், எடை, விலை எல்லாம் குறித்தார்கள். நெய்த கையைக் குறிக்கும் தேவை அவர்களுக்கு எழவில்லை. காஷ்மீரச் சால்வையின் மாங்காய் வடிவம் ஸ்காத்லாந்தின் பெய்ஸ்லி நகரில் படியெடுக்கப்பட்டு, அந்நகரின் பெயராலேயே உலகில் வழங்குவதும் இத்தகையதே. மாங்காயை மாங்காய் என்று சொல்லத் தெரிந்த நம் இளைஞரும் இன்று 'பெய்ஸ்லி' என்கின்றனர்.

சட்டம் துணை நிற்காதா எனின், ஓரளவே நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவத்துக்கு 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காப்பளிக்கும். வடிவம் புதியதாய் இருத்தல் வேண்டும் என்பதே அதன் முதல் விதி. புளியிலைக்கரையோ முன்னோர் காலத்தது. பழமையே அதன் குற்றமாகி விடுகிறது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியன என 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. உச்ச நீதிமன்றமும் 1993-இல் அதனை ஏற்றது. ஆயினும் தொடக்கத்தில் 22-ஆக இருந்த அவ்வகைகள் பின்னர் 11-ஆகக் குறைந்தன. புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் பாலராமபுரச் சேலைகளும் நுண்பருத்தித் துணிகளும் பதிவு பெற்றுள்ளன. அப்பதிவு ஊர்ப்பெயரைக் காக்கும். படியெடுப்பவர் அப்பெயரைத் தொடாமல் 'கேரளா' என்று மட்டும் எழுதினால், அச்சட்டத்தின் கைக்கு அகப்படுதல் அரிது.

காக்கப்பெற்ற அவ்வூர்ப்பெயரும் மன்னர் பெயரே என்பதை எண்ணுக. குடியேற்றிய திவானின் பெயர் வரலாற்றில் உள்ளது. குடியேறியவர் பெயர்களைப் பொதுநூல்கள் கூறுவதில்லை. நாகர்கோயிலிலும் பாலராமபுரத்திலும் முதியோர் நினைவில் நிற்கும் குடும்பப் பெயர்களையும், எந்தக் கரை எந்த வீட்டில் நெய்யப்பட்டது என்ற செய்திகளையும், தறிகள் குறைந்துவரும் இந்நாளிலேயே தொகுத்து அச்சேற்றுதல் நம் தமிழ்ச் சங்கம் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.