பறங்கிப்புண்ணும் பழி சுமந்தோரும்

1494 ஆம் ஆண்டிலே பிரான்சிய மன்னன் எட்டாம் சார்ள்ஸ் பெரும் படை திரட்டி இத்தாலியுட் புகுந்தான். 1495 பெப்ரவரியில் நேப்பிள்ஸ் நகர் அவன் வசமாயிற்று. அப்படையிலே பிரான்சியர் மட்டுமன்றிச் சுவிட்சர்லாந்தினர் முதலிய பல நாட்டாரும் கூலி வீரராய் இருந்தனர். வீட்டையும் ஊரையும் பிரிந்த அவ்வீரர்களைத் தொடர்ந்து பரத்தையரும் சென்றனர். வென்ற நகரிற் களியாட்டம் மிகுந்தது. அவ்வேளையிலேதான் மருத்துவர் முன்னர் அறியாத கொடிய நோயொன்று தலைகாட்டிற்று. உடலெங்கும் புண்கள் தோன்றின. எலும்பை வருத்தும் நோவு இரவில் உறக்கத்தைக் கெடுத்தது. இன்று சிபிலிஸ் எனப்படும் நோய் அதுவேயாம்.

அவ்வாண்டிலேயே சார்ள்ஸ் பின்வாங்கினான், படை கலைந்தது. கூலி வீரர் தத்தம் நாடு திரும்பினர். நோயும் உடன் சென்றது. 1497 இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரத்தார், நோயுற்றோரை இஞ்ச்கீத் என்னுந் தீவுக்கு அகற்றுமாறு கட்டளையிட நேர்ந்தது. 1498 இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கினார். ஐரோப்பியர் கப்பல்களோடு கீழைத் தேசங்களை அடைந்த அந்நோய்க்குத் தமிழர் பறங்கிப்புண் என்று பெயரிட்டனர். அதற்கு மருந்தாக வழங்கிய சீனக் கிழங்கும் பறங்கிப்பட்டை எனப்பட்டது. இலங்கையிலே பறங்கி என்னும் பெயர் யாஸ் என்ற வேறொரு நோய்க்கும் வழங்கியது. அது பாலுறவாற் பரவுவதன்று.

பிறரைச் சுட்டிப் பெயரிட்டவர் தமிழர் மட்டுமல்லர். இத்தாலியர் அதனைப் பிரான்சிய நோய் என்றனர். பிரான்சியர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருசியர் போலந்து நோய் என்றனர். துருக்கியர் கிறித்தவர் நோய் என்றனர். நோய் அயலானுடையது என்று கூறியோர் எவரும், அது தம்மூரில் எவ்வாறு தங்கிற்று என்று ஆராய்ந்திலர்.

தங்கியமைக்குக் காரணம் நோயின் இயல்பும் மனிதர் ஒழுக்கமும் ஒருங்கிணைந்தமையே. தொற்றிய சில வாரங்களில் முதற்புண் தோன்றும். அது நோவின்றித் தானே ஆறிவிடும். நோயாளி குணமடைந்ததாக எண்ணுவான். கிருமியோ உடலில் தங்கியிருக்கும். பலரோடு உறவு கொள்ளும் ஒருவர் அதனைப் பலருக்கு அளிப்பர். அவருள் ஒருவன் மணமானவனாயின் மனைவிக்கும், அவள் வழியே கருவிலுள்ள குழந்தைக்கும் அது சென்றடையும். இங்ஙனம் பரத்தையர் மனையில் தொடங்கிய சங்கிலி, பிழையேதும் செய்யாதார் இல்லத்திலும் சென்று முடியும்.

இச்சங்கிலியை ஒரு முனையில் மட்டும் பிடித்தால் அறுக்க முடியாது. பிரித்தானியா அதனை அனுபவத்திற் கற்றது. படைவீரரிடையே நோய் மிகுந்ததால், 1864 இல் தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறிற்று. படைநகரங்களிலும் துறைமுகங்களிலும் பரத்தையர் என ஐயுறப்பட்ட பெண்களைப் பொலிசார் பிடித்து மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தினர். நோயுற்றோர் மருத்துவமனையில் அடைக்கப்பட்டனர். அவர்களை நாடிச் சென்ற ஆடவரை அச்சட்டம் தீண்டவில்லை. சோதிக்கப்பட்ட பெண்ணுக்கு மறுநாளே சோதிக்கப்படாத ஆடவன் நோயைக் கொணரலாம் என்பது சட்டம் இயற்றியோர் கருத்தில் நிலைக்கவில்லை. யோசபின் பட்லர் அம்மையார் 1869 முதல் இவ்வநீதியை எதிர்த்துப் போராடினார். 1886 இல் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

விஞ்ஞானமும் துணைக்கு வந்தது. 1905 இல் நோய்க்கிருமி கண்டறியப்பட்டது. 1906 இல் வாசர்மானின் இரத்தப் பரிசோதனை வந்தது. 1910 இல் எர்லிக்கின் சல்வர்சான் மருந்து வெளியாயிற்று. எனினும் நாணத்தால் ஒளிந்திருப்பவனை மருந்து தேடிச் செல்லாது. இதனையுணர்ந்த பிரித்தானிய அரசு, 1916 இல் எவரும் இலவசமாகவும் இரகசியமாகவும் சிகிச்சை பெறுவதற்கு விதி செய்தது. ஆணாயினும் பெண்ணாயினும் அங்கே குற்றவாளியல்லர்; நோயாளியே. 1943 இல் பெனிசிலின் இந்நோயைத் தீர்க்குமெனத் தெளிவானபின் சிகிச்சை மேலும் எளிதாயிற்று.

அந்நெறியின் பயனை இலங்கையிலும் காணலாம். இங்கே கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தம் கிளினிக்குகளிற் பரிசோதிக்கப்படுகின்றது. தாயிடமிருந்து குழந்தைக்குச் சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கையை ஏற்றுக்கொண்டது.

ஒழுக்கம் உயிரினும் ஓம்பத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒழுக்கத்தின் பெயரால் ஒருசாராரை மட்டும் தண்டிப்பது நோயை மறைவிடத்துக்கு அனுப்புவதேயாகும். இருசாராரும் அஞ்சாது வந்து மருந்து பெறும் வாயிலைத் திறந்து வைத்த நாடுகளே அதன் சங்கிலியை அறுக்கத் தொடங்கின.