கோயில் திடலே அரங்கம்

இசைநாடகத்துக்குப் பெரிய மண்டபமும் நூறு பேர் கொண்ட குழுவும் வேண்டுமா? மேல்நாட்டு ஓபராவைப் பார்த்தவர்கள் ஆம் என்பார்கள். பேராக் தோட்டங்களின் வரலாறு வேறு பதில் சொல்கிறது.

1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் ஈப்போ வட்டாரத்திலும் தோட்டங்கள் பெருகின. அங்கு வந்த தமிழர்கள் நாடகத்தையும் உடன் கொண்டு வந்தனர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) காலத்துத் தமிழ் நாடகங்களுக்குப் பாட்டே உயிர். தமிழகக் கொட்டகைகளில் அவை விடிய விடிய நடந்தன. திரைச்சீலையும் ஜோடனையும் உண்டு.

தோட்டத்தில் அதற்கெல்லாம் வழி ஏது? மாரியம்மன் கோயில் திடல், ஓர் ஆர்மோனியம், ஒரு மத்தளம், விளக்கு வெளிச்சம், அவ்வளவுதான். காலையில் பால்மரம் வெட்டியவரே இரவில் வேடம் கட்டினார். பெண் வேடமும் ஆண்களுக்கே.

ஜோடனை குறைந்தது, கதை குறையவில்லை. கடனை அடைக்க அரிச்சந்திரன் மனைவி மகனை விற்றுத் தானும் அடிமையாகிறான். கப்பல் செலவுக் கடனுக்காக ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கும், அவர்களின் பிள்ளைகளுக்கும் அது வெறும் புராணமா? அந்த முறை 1910-இல்தான் தடை செய்யப்பட்டது.

பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் பட்டணம் பெயர்ந்தனர். நடித்தவர்களும் பார்த்தவர்களும் முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் நினைவில் உள்ள பாட்டுகளை இப்போதே கேட்டுப் பதிந்து வைப்பது பிள்ளைகளின் கடமை.