ஆபர்னுக்கு இருபது மைல்

1940-களின் தொடக்கத்தில் அலபாமாவில் ஒரு கறுப்பின இளைஞருக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை வந்தால், அவர் மாநிலத்தை விட்டே கிளம்ப வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அமெரிக்கத் தென்பகுதியின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி அதே மாநிலத்தில், ஆபர்ன் என்ற ஊரில் 1907 முதல் நடந்துவந்தது. ஆனால் அங்கே வெள்ளையருக்கு மட்டுமே இடம். மற்றவர்கள் அயோவா, கான்சஸ் என்று பல நூறு மைல் வடக்கே போனார்கள். அங்கே வகுப்பில் இடம் கிடைத்தாலும் விடுதியில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அயோவா மாநிலக் கல்லூரி இருந்த ஏம்ஸ் ஊரில், ஆர்ச்சி மார்ட்டினும் அவர் மனைவி நான்சியும் கறுப்பின மாணவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பல்கலைக்கழக விடுதி ஒன்றுக்கு அவர்கள் பெயர்தான்.

அந்த அயோவாவில் 1923இல் பட்டம் பெற்றவர் ஃபிரெடெரிக் டக்ளஸ் பேட்டர்சன். கைக்குழந்தைப் பருவத்திலேயே பெற்றோர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவரை அக்கா வளர்த்தார். டெக்சஸின் ப்ரெய்ரி வியூ கல்லூரியில் எட்வர்ட் எவன்ஸ் என்ற கறுப்பினக் கால்நடை மருத்துவரைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பின் மேல் அவருக்கு ஆசை பிறந்தது. 1928இல் ஆசிரியராக அலபாமாவின் டஸ்கீகி கல்லூரிக்கு வந்தார். 1935இல் அதன் தலைவரானார்.

டஸ்கீகி சிறிய ஊர். சுற்றிலும் பருத்திக் காடு, ஏழைக் குடியானவர்கள், ஏர் இழுக்கும் கோவேறு கழுதைகள். 1881இல் புக்கர் டி. வாஷிங்டன் தொடங்கிய கல்லூரிதான் ஊருக்கு உயிர். அதன் பழைய கட்டடங்களுக்கான செங்கல்லை மாணவர்களே அறுத்துச் சூளை வைத்தார்கள். 1892 முதல் ஆண்டுதோறும் விவசாயிகள் மாநாடு நடந்தது. 1896இல் வந்து சேர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், மண்ணையும் பயிரையும் பற்றிக் குடியானவர்களுக்கு நேரிலேயே சொல்லிக்கொடுத்தார். இப்படிப்பட்ட இடத்தில் மாட்டுக்கும் கழுதைக்கும் வைத்தியம் கற்பிக்கும் பள்ளி இல்லாததுதான் குறை. பேட்டர்சன் 1945இல் அதைத் தொடங்கினார். முதல் தலைவராக அவர் அழைத்துவந்தது வேறு யாரையும் அல்ல, தன் ஆசான் எவன்ஸைத்தான்.

ஆபர்ன் அங்கிருந்து சுமார் இருபது மைல். ஒரே மண், ஒரே கால்நடை நோய்கள், இரண்டு கல்லூரிகள்.

1949இல் முதல் வகுப்பு பட்டம் பெற்றது. ஐந்தே பேர். அவர்களில் ஒருவர் ஆல்ஃப்ரீடா ஜான்சன் வெப். அதே ஆண்டு பென்சில்வேனியாவில் பட்டம் பெற்ற ஜேன் ஹின்டனும் இவரும்தான் அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் கால்நடை மருத்துவர்கள். நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஹின்டன் பெயர் அன்றாடம் கண்ணில் படும். கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க இன்றும் உலகெங்கும் பயன்படும் முல்லர்-ஹின்டன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தின் பாதிப் பெயர் அவருடையது. வெப் டஸ்கீகியிலேயே சுமார் பத்தாண்டுகள் உடற்கூறு கற்பித்தார். ஃபார்மலின் நெடியில் கண் எரிய எரிய எலும்பும் நரம்பும் மனப்பாடம் செய்யும் அந்தப் பாடம், கால்நடை மருத்துவம் படிக்கும் எவரும் மறக்காத பாடம்.

விரைவிலேயே ஒரு விசித்திரமான ஏற்பாடு வந்தது. தென் மாநிலங்கள் தங்கள் கறுப்பின மாணவர்களை டஸ்கீகிக்கு அனுப்பி, அதற்குப் பணமும் கட்டின. பள்ளிக்கு அந்த வருமானம் தேவைப்பட்டது. ஆனால் சொந்த மாநிலக் கல்லூரியின் கதவைத் திறக்காமல் இருக்க அந்த அரசுகள் கொடுத்த விலை அது என்பதே உண்மை. கறுப்பின உரிமை இயக்கத்தினர் அதை எதிர்த்ததில் நியாயம் இருந்தது. அந்தப் பணத்தில் படித்து மருத்துவரானவர்களின் உழைப்பும் அதே அளவு உண்மை.

வளாகத்துக்குள் படிப்பு, வெளியே வேறு உலகம். டஸ்கீகியில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. கடைகளும் நகராட்சியும் வெள்ளையர் கையில். முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர்களே வாக்காளர் பட்டியலில் சேர அல்லாடினார்கள். 1957இல் மாநிலச் சட்டமன்றம், சதுரமாக இருந்த நகர எல்லையை இருபத்தெட்டுப் பக்கங்கள் கொண்ட கோணல் வடிவமாக மாற்றியது. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் தவிர எல்லோரும் எல்லைக்கு வெளியே போனார்கள். கல்லூரி வளாகமும் வெளியே போனது. நேற்றுவரை நகரத்துக்குள் படித்த மாணவர்கள் ஒரே சட்டத்தில் ஊருக்கு வெளியே ஆனார்கள். மக்கள் வெள்ளையர் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினார்கள். கல்லூரியின் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் தொடுத்த வழக்கில், 1960இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

அதோடு ஓயவில்லை. 1966 ஜனவரியில் டஸ்கீகி மாணவர் சாமுவேல் யங் ஒரு பெட்ரோல் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளையருக்கென்று ஒதுக்கிய கழிப்பறை பற்றிய தகராறு. சுட்டவரை, வெள்ளையர்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு அதே ஆண்டு டிசம்பரில் விடுவித்தது. மாணவர்கள் ஊர் நடுவில் திரண்டு, அங்கிருந்த, அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் படைவீரர் சிலைக்குப் பெயின்ட் அடித்தார்கள். பசுவுக்குச் சினை பார்க்கக் கற்றுக்கொண்டிருந்த இளைஞர்கள் வாழ்ந்த ஊர் இதுதான்.

ஆபர்ன் பல்கலைக்கழகம் தன் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது 1964இல். இருபது மைல் தள்ளி, டஸ்கீகியின் கால்நடை மருத்துவர்கள் அப்போது பதினைந்து ஆண்டுகளாகத் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தன்னிடம் படித்தவர்கள் என்று டஸ்கீகி கணக்குச் சொல்கிறது. வெப் பின்னாளில் வட கரோலினாவுக்குப் போய்ப் பேராசிரியராகி, 1970-களின் தொடக்கத்தில் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணும் ஆனார். அங்கே மாநிலப் பல்கலைக்கழகம் புதிதாகக் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கத் திட்டமிட்டபோது, அந்தத் திட்டக் குழுவிலும் அவர் இருந்தார்.