ஆண் துணை இல்லாமலேயே உலகைச் சுற்றிய குட்டிப் பூரான்! எப்படி?

பூரான் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? விரலைவிட நீளம், வேகமான ஓட்டம், கடித்தால் உயிர்போகும் வலி... சரிதானே?

இது வேறு ரகம். பெயர் லாமிக்டெஸ். கல், மரக்கட்டை, காய்ந்த இலை ஆகியவற்றுக்கு அடியில் வாழும் 'கல் பூரான்' வகையைச் சேர்ந்தது. நீளம்? சுமார் 1 சென்டிமீட்டர்தான்! கண்ணில் பட்டாலும் ஏதோ பூச்சி என்று கடந்து போய்விடுவீர்கள்.

100 கால்கள் இருக்குமா?

இருக்காது. வளர்ந்த பூரான்களின் கால் ஜோடிகள் எப்போதுமே ஒற்றைப்படை எண்ணில்தான் இருக்கும். அதனால் சரியாக 100 கால்கள் (50 ஜோடி) வர வாய்ப்பே இல்லை.

நம் வட்டாரத்தில் காணப்படும் பெரிய பூரானுக்கு 21 ஜோடி. வளர்ந்த கல் பூரானுக்கு 15 ஜோடி. முட்டையிலிருந்து வரும்போது அதற்குச் சுமார் 7 ஜோடிதான் இருக்கும். தோல் உரிக்க உரிக்க மற்ற கால்கள் முளைக்கும்.

அப்படி என்ன சிறப்பு?

லாமிக்டெஸ் எமார்ஜினாட்டஸ் என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு சின்னக் கண். ஐரோப்பாவில் கிடைப்பவை கிட்டத்தட்ட எல்லாமே பெண்கள்!

பெண் பூரான் இணை சேராமலேயே முட்டையிடும். அவற்றிலிருந்து மறுபடியும் பெண்களே வரும். இதைக் 'கன்னி இனப்பெருக்கம்' என்பார்கள். ஆண்கள் உலகில் மிகச் சில இடங்களில்தான் கண்டறியப்பட்டுள்ளன.

அதனால் என்ன லாபம்?

புது இடத்துக்குப் போகும் ஓர் உயிரினத்துக்குப் பெரிய சிக்கலே துணை தேடுவதுதான். இதற்கு அந்தக் கவலை இல்லை. தொட்டிச் செடியின் மண்ணோடு ஒரே ஒரு பெண் பூரான் போய்ச் சேர்ந்தால் போதும். அங்கே ஒரு கூட்டமே உருவாகிவிடும்.

1844இல் ஜார்ஜ் நியூபோர்ட் என்ற ஆய்வாளர் நியூசிலந்துப் பூரானை வைத்து இந்த இனத்துக்குப் பெயரிட்டார். 1868இல் டென்மார்க்கைச் சேர்ந்த மைனெர்ட், ஐரோப்பியப் பூரானுக்கு வேறு பெயர் கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டும் ஒன்றே என்று! உலகின் இரு கோடிகளில் ஒரே பூரான்.

இதன் உறவுக்கார இனமான லாமிக்டெஸ் சீக்குலஸுக்குக் கண்களே கிடையாது. வெப்பமண்டலச் செடிகள் வளர்க்கப்படும் ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களுக்குள்ளும் அது குடியேறிவிட்டது.

வெள்ளம் வந்தால்?

ஜெர்மனியின் ஓடர் ஆற்றங்கரைப் புல்வெளிகள் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் நீரில் மூழ்கிவிடும். வளர்ந்த லாமிக்டெஸ் குளிர்காலத்தைத் தாண்டாது. ஆனால் மண்ணில் இட்ட முட்டைகள் தண்ணீருக்கு அடியிலும் தாக்குப்பிடிக்கும். வெள்ளம் வடிந்ததும் குஞ்சுகள் வெளியே வரும். கோடை முடிவதற்குள் வளர்ந்து, அவையும் முட்டையிட்டுவிடும். மற்ற பூரான்கள் திரும்பி வருவதற்குள் இவர்கள் குடும்பமே நடத்தி முடித்துவிடுகிறார்கள்!

குறையே இல்லையா?

உண்டு. தாயின் மரபணுக்களே மகளுக்கும் வருவதால் வேறுபாடு குறைவு. புதிய நோய் பரவினால், ஒன்றைத் தாக்குவது எல்லாவற்றையும் தாக்கக்கூடும். வேகமாகப் பரவ உதவும் அதே வழி, ஆபத்துக் காலத்தில் பலவீனமாகிவிடலாம்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

லாமிக்டெஸைக் கண்டு பயப்பட வேண்டாம். அது வேட்டையாடுவது மண்ணில் வாழும் நுண்ணிய உயிரினங்களைத்தான்.

ஆனால் அது சொல்லும் பாடம் பெரியது. ஒரு பிடி மண்ணுக்குள் கண்ணுக்கு எளிதில் தெரியாத உயிர்கள் பயணம் செய்கின்றன. பல நாடுகள் மண்ணோடு செடி கொண்டுவருவதைக் கட்டுப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து "சின்னச் செடிதானே" என்று பையில் வைக்குமுன், விதிமுறைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு பூரான் போதும்!