திரும்பலாகாத கோடு

சடுகுடு ஆடி வளர்ந்த நமக்கு நடுக்கோடு என்பது உயிர்க்கோடு. எதிர்ப்புறத்தில் நால்வர் சேர்ந்து காலைப் பற்றினாலும், மூச்சு அடங்குமுன் விரல் நுனியால் அக்கோட்டைத் தொட்டுவிட்டவன் பிழைத்தான். கூடைப்பந்திலோ நிலைமை நேர்மாறு. பந்துடன் முன்னேறியவன் பாதம் திரும்பி நடுக்கோட்டில் பட்டாலே பந்து எதிரணிக்குப் போய்விடும். பெங்களூரில் ஆட்டம் காணச் செல்லும் நம்மவர் சிலர் நடுவரின் ஊதல் கேட்டுத் திகைப்பதற்கு அந்தப் பழைய சடுகுடு நினைவும் ஒரு காரணமோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இவ்விதி ஆட்டத்துடன் பிறந்ததன்று. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தை அமைத்தபோது வகுத்த விதிகள் 13. அவற்றுள் நடுக்கோட்டைப் பற்றிய பேச்சே இல்லை. பின்னர்ப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் உரிமை வந்தது. நாளடைவில் ஒரு தந்திரமும் வந்தது. சில புள்ளிகள் முந்திவிட்ட அணி, கூடையை நாடாமல், களம் முழுவதும் பந்தைத் தனக்குள்ளேயே மாற்றி மாற்றிப் பொழுதைப் போக்கிற்று. எதிரணியினர் துரத்திக் களைத்தனர். காசு கொடுத்து வந்தவர் சலித்தனர். இதற்கு மாற்றாகவே 1932-இல் அமெரிக்க விதியாளர்கள், பத்து விநாடிக்குள் பந்து நடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும் என்றனர். கடந்த பந்து மீளலாகாது என்னும் தடையும் அக்கோட்டையொட்டியே வளர்ந்தது. பந்தை வைத்துக்கொண்டு ஒளிந்து திரியும் இடம் பாதியாகச் சுருங்கிற்று.

நம் நாட்டில் இவ்வாட்டம் பரவியதில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் பங்கு பெரிது. 1920-இல் எச். சி. பக் சென்னையில் தொடங்கிய அவ்வியக்கத்தின் உடற்பயிற்சிக் கல்லூரியை இங்கு நினைக்காமலிருக்க இயலாது.

பன்னாட்டு விதியில் 2000-ஆம் ஆண்டு பத்து விநாடி எட்டாகக் குறைந்தது. மீளும் பந்தைப் பொறுத்தவரை, அது எங்கே உருண்டது என்பதைவிட யார் தொட்டார் என்பதையே நடுவர் கவனிக்கிறார். பந்தைக் கைக்கொண்ட அணியினரே முன்களத்தில் கடைசியாகத் தொட்டு, பின்களத்தில் அவர்களே முதலில் தொட்டால் பிழை. எதிரணியினர் கைபட்டுப் பின்னே உருண்டதாயின், ஓடி எடுப்பதில் குற்றமில்லை. கோடு பின்களத்தைச் சேர்ந்தது என்பதும் நினைவிருக்கட்டும். ஆயினும் பந்தைத் தட்டிக்கொண்டு கோட்டைக் கடப்பவனுக்கு ஒரு சலுகை உண்டு: இரு பாதங்களும் பந்தும், ஆக மூன்றும், முன்களத்தில் பட்டாலன்றி அவன் முன்னேறியதாகக் கணக்கில்லை. ஒரு காலை முன்வைத்தவன் அதை மீட்டுக்கொண்டாலும் பிழையாகாது. எட்டு விநாடி மட்டும் அவனுக்காகக் காத்திராது. பார்வையாளர் நடுவரை ஏசுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், நாமும் ஏசியிருக்கிறோம்!

ஒரு பாதத்தின் தவறு எவ்வளவு பெறும்? 2017 ஜூலையில் பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா அரங்கில் ஆசியப் பெண்கள் கோப்பைப் பந்தயங்கள் முடிவுற்றன. மேற்பிரிவின் இறுதியாட்டத்தில் ஜப்பான் ஆஸ்திரேலியாவை 74-73 என வென்றது. இரண்டாம் பிரிவின் இறுதியில் இந்தியாவும் கஜகஸ்தானும் மோதின. ஒரு சாதாரணக் கூடைக்கே இரண்டு புள்ளி. அந்த இரண்டே புள்ளி வேறுபாட்டில், 75-73 என்று வென்று, இந்தியப் பெண்கள் மேற்பிரிவுக்கு உயர்ந்தனர்.