கடற்கரையில் கார்: மணிக்கு 16 கிலோமீட்டர்தான்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள டேட்டோனா கடற்கரையில், கட்டணம் செலுத்தினால் மணலிலேயே கார் ஓட்டலாம். 1935இல் மால்கம் கேம்பெல் மணிக்குச் சுமார் 445 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலகச் சாதனை படைத்த மணல் அது. இன்று அங்கு உச்ச வேகம் மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். நம் தாமான் சாலையில் வேகத்தடையைத் தாண்டும் வேகம்தான்!

கடலாமைகள் முட்டையிட வரும் கரை என்பதால் இரவில் வாகனங்களுக்கு அனுமதியில்லை. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், சன்னல் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும். அலை இரைச்சலில் கார் வருவது கேட்காது. மணலில் குழி தோண்டும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. 2010இல் அவ்வட்டாரக் கடற்கரையில், இரு வேறு சம்பவங்களில் வாகனம் மோதி நான்கு வயதுக் குழந்தைகள் இருவர் உயிரிழந்தனர்.